மலையில் தேயிலை, கொழும்பில் களஞ்சியம்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து தேயிலைத்தூளை ஒன்லைனில் விற்பவர், சரக்கைக் கொழும்புப் பக்கம் வேறொருவர் நடத்தும் களஞ்சியத்தில் வைத்தால் பொதி கட்டுவதும் அனுப்புவதும் களஞ்சியக்காரர் பாடு. ஆனால் தேயிலை ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் அடுக்கினால் போச்சு! அலுமினியத்தாள் பையில் சீல் வைத்தே அனுப்புங்கள். வைக்கும் இடத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

நாளுக்கு 6 பைக்கற் போய், புதுச் சரக்குச் சேர 5 நாள் என்றால் 30 வேண்டும். மண்சரிவில் வீதி மூடும் மழைக்காலத்துக்கு இன்னும் 30. கையிருப்பு 60-க்கு இறங்கியதும் லொறி ஏற்றுங்கள்.

பெட்டியில்தான் பலர் காசை விடுகிறார்கள். பெட்டியின் பருமனை எடையாக மாற்றும் கணக்கு ஒன்று உண்டு: 30×20×20 சென்ரிமீற்றரைப் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 2.4 கிலோ. உள்ளே 400 கிராம்தான் இருந்தாலும், இந்தக் கணக்கில் போகும் வெளிநாட்டுக் கூரியர் 2.4-க்கே காசு கேட்கும்.