செவலை கடிக்கவில்லை

"கடித்தது என்ன?" என்று கேட்டார் சீட்டு எழுதுபவர்.

"நாய். ஆனால் கடிக்கவில்லை" என்றார் அப்பா.

"கடிக்கவில்லை என்றால் எதற்கு வந்தீர்கள்?"

அப்பா என்னைப் பார்த்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவர் கேட்ட கேள்விதான் அது. வெறிநோய்க்கு நாய் கடித்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று, அன்று காலையில் நானே கற்றுக்கொண்ட பாடத்தை அந்த வரிசையில் நின்று விளக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிக் குழம்பு. மறுநாள் காலையில் செவலை தட்டைத் தொடவில்லை. கீழ்த்தாடை தொங்கிப் போயிருந்தது. நாக்கு வெளியே கிடந்தது. எச்சில் நூல் நூலாகத் தரையில் இறங்கியது. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று அப்பா முடிவுகட்டினார். எங்களில் யாருக்கும் வேறு நினைப்பு வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, அதன் தலையை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு, இரண்டு விரல்களைத் தொண்டைவரை விட்டுத் துழாவினார். நான் டார்ச் பிடித்தேன். இன்னொரு கையால் சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றினேன். ஊற்றிய அத்தனையும் என் கைமேலேயே வழிந்தது. எலும்பு எதுவும் இல்லை. இவ்வளவுக்கும் செவலை வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்த கால்நடை மருத்துவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அங்கிருந்தபடியே பார்த்தார். "சமீபத்தில் ஏதாவது நாயோடு சண்டை போட்டதா?" என்றார். ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு தெருநாய் வேலிக்குள் புகுந்து செவலையின் காதைக் கிழித்துவிட்டுப் போனது. நான்தான் மஞ்சள் வைத்தேன். தடுப்பூசி அட்டையைக் கேட்டார். குட்டியாக இருந்தபோது போட்ட ஒரே ஊசி. ஆண்டுதோறும் போட வேண்டும் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. வீட்டை விட்டுப் போகாத நாய்தானே என்று மூன்று வருடம் விட்டுவிட்டோம். அந்த அட்டையை இப்போதும் என்னால் எடுத்துப் பார்க்க முடிவதில்லை.

"ஊமை வெறி மாதிரி இருக்கிறது" என்றார்.

வெறிநாய் என்றால் நுரை தள்ள ஓடிவரும், கண்ணில் பட்டவரைக் கடிக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இந்த வகையில் அப்படி எதுவும் நடக்காதாம். தாடைத் தசை செயலிழந்து வாய் தொங்கிவிடும். விழுங்க முடியாததால் எச்சில் வழியும். குரல் மாறும். பிறகு பின்னங்கால்கள் துவளும். எலும்பு சிக்கியது என்று நினைத்து வாய்க்குள் கைவிடுவது இந்த நோயில் வழக்கமாக நடக்கும் தவறு என்றும் சொன்னார். கிருமி இருப்பது எச்சிலில். நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே அது எச்சிலில் இருக்கும்.

அதன்பின் அவர் நாயைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்களைத்தான் விசாரித்தார். அப்பாவின் ஆட்காட்டி விரலில் புல் அறுக்கும்போது அரிவாள் பட்ட வெட்டு. என் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அந்தச் சிராய்ப்பைச் செவலை நக்கியது எனக்கே தெரியும். கூச்சத்தில் அவள் சிரித்ததும் நினைவிருக்கிறது. எனக்குக் காயம் எதுவும் இல்லை என்றேன்.

"முதலில் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்." நேற்றைய எச்சிலை இன்று கழுவி என்ன ஆகப்போகிறது என்றார் அப்பா. "கழுவுங்கள் ஐயா" என்றார் மருத்துவர், குரலை உயர்த்தாமல். 15 நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று அன்றுதான் தெரிந்தது. துணி சோப்பு பாதியாகக் கரைந்தது.

முதலில் போன மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். புஜத்தில், தோலுக்குள், இரண்டு பக்கமும் கொசுக்கடி அளவுக்குச் சிறு புடைப்பு. "கடி இல்லையே, சீரம் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வெட்டுக்காயத்தில் எச்சில் பட்டாலும் அது மூன்றாம் வகைதான், ஆழமான கடிக்குச் சமம், இன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். வாசலில் கிருமிநாசினித் திரவத்தைக் கையில் தேய்த்தபோது என் கட்டைவிரல் நகக்கண் சுரீர் என்றது. காயம் இல்லை என்று சொன்ன கை!

அங்கே இருந்த பெண் மருத்துவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை தாங்க ஆயத்தமாக இருக்கும் எதிர்ப்பொருளை, அதாவது அந்தச் சீரத்தை, காயத்திலேயே செலுத்த வேண்டும் என்றார். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "விதைத்தது வீடு வந்து சேரும்வரை கடன் நெல்" என்றார். மூவரையும் எடை போட்டார்கள். எடைக்குத் தகுந்த அளவுதான் மருந்து. விரல் நுனியில் இடமே இல்லை. மெல்ல மெல்ல ஏற்ற ஏற்ற விரல் வெளுத்து வீங்கியது. வயலில் பாம்பு கடித்தபோதுகூடக் கத்தாத மனிதர், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகள் அழுத அழுகையை எழுதப் போவதில்லை.

செவலை மாட்டுக் கொட்டகைக்கு அடுத்த அறையில் கட்டிக் கிடந்தது. யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. கதவிடுக்கு வழியாக அப்பா "டேய்" என்பார். இருட்டுக்குள் வால் தரையில் தட்டும் சத்தம் கேட்கும். புதன்கிழமை தட்டியது. வியாழன் மாலை ஒருமுறை. அன்றிரவே போய்விட்டது.

மூளையைச் சோதித்தால் உறுதியாகத் தெரியும், ஆனால் அதற்குத் தலையை அனுப்ப வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர். அப்பா முடியாது என்றார். அப்படியானால் வெறிநோய் என்றே வைத்துக்கொண்டு ஊசிகளை முடியுங்கள் என்றார் அவர். பத்து நாள் கடந்தும் நாய் நலமாக இருந்தால் மட்டுமே ஊசியை நிறுத்துவது பற்றிப் பேச முடியுமாம். கையுறை போட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். வெறும் கையால் ஒருமுறை தடவிக் கொடுக்கக்கூட வழியில்லை.

மறுநாள் காலை மூன்றாம் நாள் ஊசி. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வைத்தியமும் சொன்னார்கள். பச்சிலை கட்டு, மிளகாய்ப்பொடி தடவு, கத்தரிக்காயும் மீனும் ஆகாது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பக்கத்து வீட்டுப் பாட்டி பயமுறுத்தினார். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தின் காலம் 2004ஆம் ஆண்டோடு நம் நாட்டில் முடிந்துவிட்டது என்று செவிலியர் சொன்னார். பத்தியமும் கிடையாது. ஏழாம் நாளே மகள் மீன் வறுவல் கேட்டாள், செய்து கொடுத்தேன். அன்று ஊசிக்குப் போகப் பஸ் இல்லை, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் போனோம்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். எட்டாம் நாளிலிருந்து இருபத்தேழாம் நாள்வரை ஊசி இல்லை. எல்லாம் முடிந்ததுபோல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. நாற்று நடவு வேறு. அப்பா "அதுதான் மூன்று போட்டாயிற்றே" என்று இழுத்தார். தினக் காலண்டரில் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளை மட்டும் மடித்து வைத்தேன்.

இருபத்தெட்டாம் நாள். கடைசி ஊசி. செவிலியர் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை முழுவதும் படித்தார்.

"அம்மா, இதில் நாய்க்கடி என்று போட்டிருக்கிறதே. அவன் கடிக்கவில்லை."

செவிலியர் சிரிக்கத் தொடங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேனாவை எடுத்து 'கடி' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே சிறிய எழுத்தில் 'எச்சில்' என்று எழுதினார். அப்பா அட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.