சிரசுக்கு ரெண்டு நாள் முன்னாடி டிஸ்க் மாத்தின ராத்திரி

குடியாத்தத்தில் எங்க மாமா ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எடுப்பதெல்லாம் ஒரு உபுண்டு சர்வரில் போய்ச் சேரும். எடிட்டிங் பண்ற பசங்களுக்கு அது சம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருள் வழியாக வெறும் ஒரு டிரைவாகத் தெரியும். வைகாசி பிறக்க ரெண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது.

"பாப்பா, டிரைவ் செகப்பா காட்டிகினு இருக்குது. சிரசு வீடியோவ எங்க போட்றது?"

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி ஒண்ணாம் தேதி. அன்றைக்கு முழு ஊரும் தெருவில் நிற்கும், மாமாவின் கேமராக்களும் நிற்கும். நான் சத்துவாச்சாரியில் வேலை முடித்து, புது 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சர்வரை அமைத்துக் கொடுத்த கடைக்காரர் எல்விஎம்தான் போட்டிருந்தார். டிஸ்க்குகளை ஒரே வால்யூம் குரூப்பாகத் திரட்டி, அதிலிருந்து வேண்டிய அளவு இடத்தை வால்யூமாக வெட்டிக் கொடுக்கும் லினக்ஸ் ஏற்பாடு அது. ஆனால் 2 டிபி டிஸ்க் மொத்தத்தையும் ஒரே வால்யூமுக்கு எழுதிவிட்டிருந்தார், அதுவும் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெருக்கலாம், சுருக்கித் திரும்ப வாங்க முடியாது. எனக்கு இந்த விஷயத்தில் கோபமே வரும். எல்விஎம்மின் அருமையே வால்யூம் குரூப்பில் கொஞ்சம் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதில்தான் இருக்கிறது. வால்யூமை அந்த நொடியில் இருந்தபடி பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூட அந்த இடம் வேண்டும்.

புது டிஸ்க்கைப் பழசோடு சேர்த்தால் அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டிப் பார்த்தால், பழைய டிஸ்க்கில் கெட்டுப்போய் மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை போன மாசத்தைவிட ஏறியிருந்தது. ஒரே வால்யூம் ரெண்டு டிஸ்க்கில் நீண்டு கிடக்கும்போது ஒன்று செத்தால் மொத்தமும் போன மாதிரிதான். அதனால் சேர்ப்பதில்லை, குடி மாற்றுவது என்று முடிவு பண்ணினேன். டெலிவரி கொடுக்காத கல்யாணங்களை மட்டும் முதலில் ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். படிக்கவே முடியாத செக்டர் இருந்திருந்தால் இந்த வழியில் போயிருக்க மாட்டேன், கெட்ட டிஸ்க்கிலிருந்து முடிந்ததை மீட்கும் டிடிரெஸ்க்யூதான்.

புது டிஸ்க்கை எல்விஎம்முக்குத் தயார் பண்ணப் பிவிகிரியேட், பிறகு அதைக் குரூப்புக்குள் கொண்டுவர விஜிஎக்ஸ்டெண்ட். இரண்டும் ஒரு நொடி. அடுத்தது குடி மாற்றும் வேலையைச் செய்யும் பிவிமூவ்.

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். எல்விஎம் டிஸ்க்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எண் போட்டு வைக்கிறது. வழக்கமாகத் துண்டு ஒன்று 4 எம்பி. மாமாவின் 2 டிபி டிஸ்க்கில் 4,76,932 துண்டுகள். பிவிமூவ் அவற்றை ஒவ்வொன்றாகப் புது டிஸ்க்குக்கு நகல் எடுக்கும். முழுசாக முடியும் வரை பழைய நகலையும் விடாது. நடுவில் யாராவது ஃபைல் எழுதினால் இரண்டு பக்கமும் எழுதும். அதனால் பசங்க ஆல்பம் வேலையை நிறுத்தவே வேண்டியதில்லை. ஆனால் வால்யூம் ஒரே நீட்டாகக் கிடந்தால், நடுவில் மெஷின் நின்றதும் அந்த நீட்டு முழுக்க முதலிலிருந்து நகல் ஆகும். மே மாசக் குடியாத்தத்தில் ராத்திரி கரண்டை நம்பி ஆறு மணி நேர வேலையை ஒரே மூச்சில் விட எனக்கு மனசு வரவில்லை.

அதனால் எண் கொடுத்துப் பிரித்தேன். பழைய டிஸ்க்கின் பெயருக்குப் பின்னால் ஒரு முக்கால் புள்ளி, பிறகு 0-99999. அது முடிந்ததும் 100000-199999. இப்படி அஞ்சு தவணை. கடைசித் தவணை மட்டும் சின்னது, மற்றது ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 390 ஜிபி, ஒண்ணேகால் மணி நேரம். -ஐ 10 என்று சேர்த்தால் பத்து நொடிக்கு ஒருமுறை சதவீதம் காட்டும். அத்தை கொண்டுவந்து வைத்த தோசை ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூணாவது தவணை 52 சதவீதத்தில் இருந்தபோது கரண்ட் போனது. மணி 12.10. யுபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் சர்வரை முறையாக நிறுத்தினேன். ஒரு மணிக்குக் கரண்ட் வந்ததும் மெஷினை எழுப்பி, எந்த டிஸ்க் பெயரும் கொடுக்காமல் வெறும் பிவிமூவ் என்று அடித்தேன். விட்ட வேலை எது என்று அதற்கே தெரியும். மூணாவது தவணை மட்டும் மறுபடி ஓடியது. முதல் இரண்டும் புது டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. எந்த டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று பிவிஎஸ் காட்டிய எண்களைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

லினக்ஸுக்கு எல்விஎம்மை 1998இல் ஹெய்ன்ஸ் மௌல்ஷாகென் எழுதினார். அந்த ராத்திரி அவரை நன்றியோடு நினைத்தேன்.

நாலரைக்கு எல்லாம் முடிந்தது. விஜிரெட்யூஸ் போட்டுப் பழைய டிஸ்க்கைக் குரூப்பிலிருந்து விலக்கி, பிவிரிமூவ் போட்டு அடையாளத்தையும் அழித்தேன். இப்போது குரூப்பில் 1.8 டிபி காலி. அதில் 500 ஜிபி மட்டும் கொடுத்தேன்: எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +500ஜி. -ஆர் இருந்தால் உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டமும் கூடவே வளரும். அந்தக் கூட்டல் குறியை மட்டும் மறக்காதீர்கள். கூட்டல் இருந்தால் "இன்னும் 500", இல்லாவிட்டால் "மொத்தமே 500". எல்விஎக்ஸ்டெண்ட் அதை மறுத்துவிடும். பழைய பதிப்புகளில் -ஆர் இல்லாத எல்விரீசைஸ் என்றால் ஒரு எச்சரிக்கை காட்டிக் கேட்கும், தூக்கக் கலக்கத்தில் 'ஒய்' தட்டினால் வால்யூமின் வால் போய்விடும். நான் எல்விரீசைஸ் பக்கமே போவதில்லை.

மீதி 1.3 டிபி யாருக்கும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. "அதையும் குட்த்துடேன் பாப்பா" என்றார் மாமா. ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் வரட்டும் மாமா, அப்போது தருகிறேன் என்றேன்.

காலையில் எடிட்டிங் பையன் வந்து விண்டோஸைத் திறந்தான். டிரைவுக்குக் கீழே இருந்த சிவப்புப் பட்டை நீலமாகியிருந்தது. மாமா காலி மெமரி கார்டுகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.