தபால்காரர் கட்டிய மாளிகை

பிரான்ஸில் லியோன் நகரத்திலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ஓத்ரீவ் வரும். ட்ரோம் மாவட்டத்தில், கலோர் ஆற்றை ஒட்டிய சின்ன ஊர். இன்று இதைத் தேடி உலகமே வருவதற்கு ஒரே காரணம், இங்கே தபால்காரராக இருந்த ஃபெர்டினான் ஷெவால்.

1879-ல் அவருக்கு 43 வயது. தபால் கொடுக்கப் போகிற வழியில் ஒரு கல் தடுக்கியது. அதன் விநோதமான வடிவம் பிடித்துப்போய் எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் இன்னும் அழகான கற்கள்! தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற மனிதர், வழியில் கற்களைக் குவித்துவைத்துவிட்டு, வேலை முடிந்ததும் தள்ளுவண்டியோடு திரும்பிப் போவார். இரவில் விளக்கு வெளிச்சத்தில் கட்டுவார். கட்டடக் கலை படித்தவர் இல்லை. இளமையில் பேக்கரியில் வேலை பார்த்தவர். ஊரார் பைத்தியம் என்றார்கள். 1912 வரை, 33 வருடம், தனி ஆளாகக் கட்டி முடித்தார்.

போட்டோவில் பார்த்தபோது எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நேரில் கிட்டப் போய் நின்றால்தான் தெரிகிறது, அத்தனையும் கூழாங்கல், சிப்பி, சுண்ணாம்பு, சிமெண்ட். கிழக்குப் பக்கத்தில் சீசர், அவரை எதிர்த்துப் போரிட்ட கால் இனத் தலைவர் வெர்சிங்கெட்டோரிக்ஸ், கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் என்று மூன்று ராட்சத உருவங்கள் காவல் நிற்கின்றன. மேற்கே ஒரு மசூதி, ஓர் இந்துக் கோயில், சுவிஸ் மரவீடு, இடைக்காலக் கோட்டை எல்லாம் சின்னச் சின்னதாக வரிசையில். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. தான் சுமந்த பத்திரிகைகளிலும் தபால் அட்டைகளிலும் பார்த்த உலகம் இது. அந்தக் கோயில் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். அவருடைய தள்ளுவண்டிக்கும் உள்ளே ஒரு மாடம் ஒதுக்கியிருக்கிறார். எவ்வளவு நியாயமான மரியாதை!

இது அசிங்கம் என்று சொன்ன அதிகாரிகளும் உண்டு. கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோதான் 1969-ல் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் செய்தார்.

பெரும்பாலோர் மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மாளிகைக்குள்ளேயே தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்பது ஷெவாலின் ஆசை. அனுமதி கிடைக்கவில்லை. சரி என்று, எழுபத்தெட்டு வயதுக்காரர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தன் கல்லறையைத் தானே கட்ட ஆரம்பித்தார். எட்டு வருடம் பிடித்தது. 1924-ல் இறந்தார். மாளிகையைவிடச் சிறியது என்றாலும், கைப்பழக்கம் முழுமை அடைந்திருப்பது இங்கேதான் என்று எனக்குப் பட்டது. முதலில் மாளிகை, அப்புறம் கல்லறை என்ற வரிசையில் பாருங்கள்.