செம்பனைச் சக்கையிலிருந்து நானோ செல்லுலோஸ்: தண்ணீரோடு ஒரு மல்லுக்கட்டு

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தால், அமிலமும் காரமும் கைவசம் இருந்தால் நானோ செல்லுலோஸ், அதாவது தாவர நாரிலுள்ள செல்லுலோஸின் மிக நுண்ணிய துகள்கள், செய்துவிடலாம் என்று தோன்றும். பினாங்கில் முதுகலை ஆய்வுக்காக இதைச் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வேதியியலுக்குச் சில மணி நேரம்தான் வேண்டும். மீதிக் காலமெல்லாம் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும்.

என் மூலப்பொருள் செம்பனையின் வெற்றுக்குலை. ஆலையில் குலையை நீராவியில் அவித்துப் பழங்களை உதிர்த்த பிறகு மிஞ்சும் சக்கை அது. ஆலைக்கு வரும் பழக்குலை எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படித்தான் மிஞ்சுகிறது. முன்பு எரித்துச் சாம்பலை உரமாகப் போட்டார்கள். இப்போது மரத்தடியில் மூடாக்காகப் பரப்புகிறார்கள். நிபோங் திபால் பக்கம் ஆலையில் வேலை செய்யும் மாமா, “எண்ணெய் கேட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சக்கை கேட்டு வந்தவள் நீதான் அம்மா” என்று சிரித்துக்கொண்டே மூட்டை கட்டிக் கொடுத்தார். காருக்குள் ஏறிய புளித்த வாடை இரண்டாவது பாலத்தைத் தாண்டி, தீவுக்குள் வந்த பிறகும் போகவில்லை.

கழுவி உலர்த்தி அரைப்பது அலுப்பான வேலை. நாரின் மேல் பதிந்திருக்கும் சிலிக்கா மணிகள் அரைக்கும் இயந்திரத்தின் பிளேடை மழுக்கிவிடும். பிறகு 5 சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடில் 80 டிகிரியில் வேகவைத்தால், கஷாயம் போல் கறுத்த நீரோடு, நாரில் செல்லுலோஸைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினில் ஒரு பகுதியும் ஹெமிசெல்லுலோஸும் வெளியேறும். எஞ்சிய லிக்னினை எடுக்க, அசிட்டிக் அமிலம் சேர்த்த சோடியம் குளோரைட்டில் வெளுக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் குளோரின் டைஆக்சைடு என்ற நச்சு வாயு எழும்; புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே இதைச் செய்யவே கூடாது. நார் பஞ்சு போல் வெளுக்கும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்தது கந்தக அமிலம்: 64 சதவீதம், 45 டிகிரி, 45 நிமிடம். செல்லுலோஸில் ஒழுங்கற்ற பகுதிகளை அமிலம் கரைத்துவிடும். படிகப் பகுதிகள் தப்பிக்கும். நேரம் கூடினால் கலவை பழுப்பேறத் தொடங்கும். பத்து மடங்கு குளிர்ந்த நீரை ஊற்றி வினையை நிறுத்த வேண்டும்.

இங்கிருந்துதான் மல்லுக்கட்டு. மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்று, மேல் நீரைக் கொட்டு, புது நீர் ஊற்று, மறுபடி சுழற்று. முதலில் மேல் நீர் தெளிவாகவே வரும். பிறகு ஒரு சுற்றில் திடீரென்று கலங்கும். புதியவர்கள் பயந்துவிடுவார்கள்; உண்மையில் அதுதான் நல்ல செய்தி. அமிலம் குறைந்ததும், படிகங்களின் மேல் ஒட்டிய சல்பேட் தொகுதிகளின் எதிர்மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளத் தொடங்குகிறது, துகள்கள் அடியில் படிய மறுக்கின்றன. அந்தக் கலங்கலைக் கொட்டினால் உழைத்ததையே கொட்டியதாகும். அதைச் சவ்வுப்பையில் கட்டி நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றி, நடுநிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே குப்பியை ஆட்டிப் பார்த்தேன். நிறங்கள் ஓடின; நுண்படிகங்கள் நீரில் பிரிந்து நிற்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். இத்தனைக்கும் அது வெறும் செம்பனைச் சக்கை!

இதை உலர்த்தி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலர்ந்தால் துகள்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுக ஒட்டிக்கொள்ளும். மறுபடி நீரில் போட்டாலும் முழுதாகப் பிரியாது. கூழாகவே குளிர்பெட்டியில் வைத்தேன்.

ஆனால் பாலிலாக்டிக் அமிலம் போன்ற பிளாஸ்டிக்கில் கலக்க, தண்ணீர் ஆகாது. செல்லுலோஸ் நீரை விரும்பும், பிளாஸ்டிக் விரும்பாது. அப்படியே கலந்தால் படலமெங்கும் வெள்ளைப் புள்ளிகள். அதனால் அசிட்டிக் அன்ஹைட்ரைடால் துகள்களின் மேற்பரப்பை மாற்றினேன்; இதற்கு அசிட்டைலேற்றம் என்று பெயர். அது தண்ணீரோடும் வினைபுரியும் என்பதால், கூழிலுள்ள நீரை முதலில் அசிட்டோனாலும் பிறகு டொலுயீனாலும் படிப்படியாக வெளியேற்ற வேண்டியிருந்தது. மறுபடியும் மையவிலக்கு!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த வேதித் தொகுதிகள் இருக்கின்றன என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலையில் 1735 செ.மீ⁻¹ அருகே வரும் உச்சி, ஹெமிசெல்லுலோஸ் போனதும் மறையும். அது மறைந்ததற்கு மகிழ்ந்தோம். அசிட்டைலேற்றம் நடந்ததா என்று பார்க்க, ஏறத்தாழ அதே இடத்தில் உச்சி திரும்ப வருகிறதா என்று காத்திருந்தோம். வந்தது. மாற்றிய துகள்களைக் கலந்த படலத்தில் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன.

சூடாக்கி உருக்கிக் கலப்பவர்களுக்கு ஒன்று: அந்தச் சல்பேட் தொகுதிகள் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும், உருக்கும்போதே பழுப்பேறலாம். முன்கூட்டியே சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கிக்கொள்வது நல்லது.

சக்கையிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் இதைப் பசுமைப் பொருள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. செலவான நீரையும் கழிவு அமிலத்தையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். இப்போது டெம்போ (TEMPO) என்ற வினையூக்கியால் செல்லுலோஸை ஆக்சிஜனேற்றும் முறையைத் தொடங்கியிருக்கிறேன். டோக்கியோவில் அகிரா இசோகாய் குழு வளர்த்தெடுத்த முறை, 2015இல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு பெற்றது. அடர் கந்தக அமிலம் தேவையில்லை. கழுவும் வேலை மட்டும் அதிலும் இருக்கிறது.