எந்தக் காரணத்தைப் போடுவது?

"எந்தக் காரணத்தைப் போட்டால் என் கணக்குக்குப் பாதிப்பு வராது?"

இணைய ஏலம் முடிந்து, விலை குறைவாகப் போய்விட்டதால் விற்பனையை ரத்துசெய்யப் பார்க்கும் விற்பனையாளர்கள் ஏலத் தளத்தில் எங்கள் பிரிவுக்கு எழுதும் கடிதங்களைப் பிழிந்தால் இந்த ஒரு கேள்விதான் மிஞ்சும். பெரும்பாலானவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஜெர்மனியிலிருந்து எழுதிய ஒருவர் நேராகவே கேட்டார். பழைய 50 மி.மீ. லென்ஸ், 1 யூரோவில் தொடங்கிய ஏலம், முடிந்த விலை 40.50. அவர் எதிர்பார்த்தது 150. "உண்மையான காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்று பதில் எழுதினேன். சற்று நேரத்தில் விற்பனை ரத்தானது. காரணம்: பொருள் சேதமடைந்துவிட்டது.

விதிப்படி என் பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறுத்துவது வேறு. ரத்துசெய்யும்போது தேர்ந்தெடுக்கத் தளம் காட்டும் காரணப் பட்டியலிலேயே உண்மையான காரணம் கிடையாது. ஈபே என்ற ஏலத் தளத்தை எடுத்துக்கொண்டால், விற்பவர் ரத்துசெய்யும்போது முக்கியமாக மூன்று காரணங்கள் கண்ணில் படும்: பொருள் கைவசம் இல்லை அல்லது சேதமாகிவிட்டது, வாங்குபவர் ரத்து கேட்டார், வாங்குபவரின் முகவரியில் சிக்கல். முதலாவதைத் தொட்டால் விற்பவரின் கணக்கில் குறைப்புள்ளி விழும். மற்ற இரண்டிலும் விழாது. அதனால் கொஞ்சம் பழகிய ஆட்கள் முகவரியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். "சேதம்" என்று போட்ட நம்மவர் பொய்யிலும் புதியவர்தான்.

"விலை போதவில்லை" என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. இருக்கவும் முடியாது, இருந்தால் அது ஏலமாகாது. ஆனாலும் ஒவ்வொரு ரத்துக்குப் பின்னாலும் அந்த வரிதான் நிற்கிறதோ என்று சந்தேகப்படுவதே எங்கள் வேலையாகிவிட்டது.

விலை ஏன் அங்கே போய் நின்றது என்பது பலருக்குப் புரிவதில்லை. ஏலம் கேட்பவர் தன் உச்ச வரம்பை எழுதிவைப்பார். தளம் அவர் சார்பாக, தேவையான அளவுக்கு மட்டும் விலையை ஏற்றிக்கொண்டே போகும். ஒருவர் 140 வரை போகத் தயார், அடுத்தவர் 40 வரைதான், ஒவ்வொரு முறையும் ஏறுவது அரை யூரோ என்றால் விலை 40.50-இல் நின்றுவிடும். அந்த 140 விற்பவரின் கண்ணுக்கே தெரியாது. "இதன் மதிப்பு இவ்வளவுதானா" என்று அவர் நொந்துகொள்கிறார். குறைந்துபோனது மதிப்பு அல்ல, போட்டிபோடும் இரண்டாவது ஆள். அந்த லென்ஸின் தலைப்பில் எந்தக் கேமராவில் பொருந்தும் என்ற விவரம் இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே பூஞ்சை இல்லையென்று காட்டும் படம் இல்லை. நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை வேறு. ஏலம் முடிந்தது வேலைநாள் காலையில். தேடி வருகிறவர்கள் கண்ணில் படாமலே பொருள் போய்விட்டது. ஆரம்ப விலையை 120 என்று வைத்திருக்கலாம், அல்லது ஏலமில்லாமல் நேரடி விலையில் போட்டு பேரத்துக்கு இடம் விட்டிருக்கலாம். 1 யூரோவுக்குக் கூட்டம் சேரும் என்று கணக்குப் போட்டார். சேர்ந்திருந்தால் எங்களுக்கு எழுதியிருக்க மாட்டார்.

இங்கே ஒரு தீர்ப்பு குறுக்கே வந்து நிற்கிறது. ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2014 நவம்பர் 12 அன்று சொன்னது. பழைய ஃபோக்ஸ்வேகன் பஸாட் கார் ஒன்று ஈபேயில் 1 யூரோ ஆரம்ப விலையில் போடப்பட்டது, குறைந்தபட்ச விலை எதுவும் குறிக்கவில்லை. ஒருவர் 555.55 யூரோ உச்ச வரம்போடு கேட்டார். வேறு கேட்பு இல்லாததால் விலை 1 யூரோவிலேயே இருந்தது. சில மணி நேரத்தில் விற்பவர் ஏலத்தை நிறுத்திவிட்டார். கேட்டவருக்கு எழுதிய மின்னஞ்சலில், ஏலத்துக்கு வெளியே 4,200 யூரோ தர ஓர் ஆள் கிடைத்துவிட்டதாகச் சொன்னார். காரின் மதிப்பு 5,250 யூரோ என்றும், 1 யூரோவைக் கழித்து 5,249 யூரோ இழப்பீடு வேண்டும் என்றும் வழக்கு போட்டார் கேட்டவர். வென்றார். குறைந்த ஆரம்ப விலை வைத்து அபாயத்தை வரவழைத்துக்கொண்டது விற்பவர்தான், மலிவாகக் கிடைக்கும் வாய்ப்புதான் இத்தகைய ஏலத்தின் கவர்ச்சியே என்றது நீதிமன்றம்.

எனக்கு அந்த மின்னஞ்சல்தான் பிடிபடவில்லை. அதில் அவர் உண்மையை எழுதினார். அதுவே அவருக்கு எதிராக நின்றது.

பொய்யருக்கு எப்போதும் தப்பிக்கும் வழி இருக்கிறது என்று இதற்குப் பொருள் சொல்லிவிட முடியாது. இல்லாத சேதத்தை வழக்கில் நிரூபிப்பது லேசான வேலையல்ல. 2011-இல் அதே நீதிமன்றம், ஏலத்தின் நடுவே கேமரா திருடுபோனதால் நிறுத்திய விற்பனையாளர் பக்கம் நின்றது. நிஜமாகவே திருடுபோகிறது, நிஜமாகவே கீழே விழுந்து உடைகிறது. எல்லாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு இந்த மேசையில் உட்கார முடியாது. உடைந்த பொருளின் படத்தையும் வரிசை எண் தெரியும் படத்தையும் கேட்கலாம். விற்பனை அறிவிப்பின் படத்திலிருக்கும் கீறலும் இந்தக் கீறலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். சில வாரங்கள் கழித்து அதே எண் வேறு தலைப்பில் வருகிறதா என்று தேடலாம். 40 யூரோ லென்ஸுக்கு யார் இவ்வளவு செய்வார்கள்? பணம் திரும்பிவிட்டால் கோப்பு மூடப்படும்.

லென்ஸை வாங்கியவரும் எழுதினார். அதே லென்ஸ், வளையத்தின் ஓரத்தில் அதே பள்ளம், 160 யூரோ நேரடி விலையில் திரும்ப வந்திருப்பதைப் படத்தோடு அனுப்பினார். தளம் செய்யக்கூடியது விற்பவரின் கணக்கில் குறிப்பு எழுதுவது, மிஞ்சினால் சில நாள் முடக்குவது. பொருளைப் பிடுங்கிக் கொடுக்க முடியாது. விற்பனை அறிவிப்புப் பக்கத்தையும் கேட்பு வரலாற்றையும் சேமித்துவையுங்கள், ரத்துக்குச் சம்மதித்ததுபோல் எதுவும் எழுதாதீர்கள், எழுத்தில் கெடு வைத்துப் பொருளைக் கேளுங்கள், கெடு தாண்டினால் அதே தரத்தில் இன்னொன்றை வாங்கி விலை வித்தியாசத்தைக் கோரலாம் என்று சொல்லலாம். சொல்கிறோம். வித்தியாசம் 100 யூரோவைச் சுற்றி இருக்கும்போது வக்கீலிடம் போகிறவர் அபூர்வம்.

அப்படிப் போகிறவர்களைப் பற்றியும் நல்லெண்ணம் மட்டுமே வைத்திருக்க முடியவில்லை. நிறுத்தப்படப்போகும் ஏலங்களாகப் பார்த்து நூற்றுக்கணக்கில் கேட்டுவைத்து, நிறுத்தியதும் நஷ்ட ஈட்டுக் கடிதம் அனுப்பும் ஒரு கூட்டம் உண்டு. ஜெர்மானியர்கள் அவர்களை வேட்டைக்காரர்கள் என்றே அழைக்கிறார்கள். நிறையக் கேட்டார் என்பதற்காக மட்டும் ஒருவரை அப்படி முத்திரை குத்த முடியாது, ஒவ்வொரு வழக்கையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்று 2019-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பஸாட்காரரை எதிர்த்து வென்றவருக்கு அந்தக் கார் உண்மையிலேயே வேண்டியிருந்ததா என்று யோசிக்கும்போது என் நியாயம் இடம் மாறிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பியும் விடுகிறது.

விலையைக் காக்க இன்னொரு கணக்கிலிருந்து தானே கேட்கிறவர்கள் பற்றி எனக்கு இந்தக் குழப்பம் கிடையாது. ஒரு கோல்ஃப் காரை அப்படி ஏற்றிக்கொண்டே போன விற்பனையாளரின் கேட்புகள் செல்லாது, கார் 1.50 யூரோவுக்கு விற்றதாகவே கொள்ள வேண்டும் என்று 2016-இல் தீர்ப்பாகி, 16,500 யூரோ கொடுக்க வேண்டி வந்தது. பொருத்தம்தான்.

காரணப் பட்டியலில் "விலை போதவில்லை" என்ற வரியைச் சேர்த்து, அதற்கான கட்டணத்தையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்று எங்கள் பிரிவில் ஒரு யோசனை ஓடியது. விலை போட்டுவிட்டால் அது அனுமதிபோல் ஆகிவிடும் என்றார் மேலாளர். அவர் சொன்னதும் சரி. கட்டணம் எவ்வளவு வைத்தாலும் முகவரிச் சிக்கலுக்குக் கட்டணம் இல்லாதவரை அந்த வரியைத் தொடுகிறவர் யார் என்ற கேள்விக்கும் அந்தக் கூட்டத்தில் பதில் வரவில்லை. யோசனை கிடப்பில் இருக்கிறது. காரணம் கேட்டு வரும் கடிதங்களுக்கு இன்னும் அதே பதில்தான் போகிறது.