வில்லன் மாட்டினான், அரசாங்கம் தப்பித்தது

சூப்பர் ஹீரோ படங்களில் அரசாங்க எதிர்ப்பு என்று பேச்செடுத்தாலே 2014-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்' பெயரைச் சொல்வார்கள். பாதிதான் சரி. குற்றம் நடக்கும் முன்பே ஆளைக் குறிவைக்கும் மூன்று ஹெலிகேரியர்களை, அதாவது பறக்கும் போர்க்கப்பல்களை, உளவு அமைப்பின் தலைவர் நிக் ஃப்யூரி ஹீரோவுக்குப் பெருமையாகக் காட்டுவார். ஃப்யூரி கெட்டவர் இல்லை. நாட்டுக்கு நல்லது என்று நம்பித்தான் காட்டுகிறார். இப்படி மிரட்டிக் காப்பாற்றுவதற்குப் பெயர் சுதந்திரமா என்று ஹீரோ மடக்குகிறார். படத்தின் அசல் அரசியல் அந்தச் சில நிமிடங்கள்தான். அந்த அமைப்புக்குள் ஹைட்ரா என்ற வில்லன் கூட்டம் ஊடுருவியிருப்பது ஒரு நிலவறையில் அம்பலமானதும் கேள்வியே மாறிவிடுகிறது. திட்டம் சரியா தப்பா என்பது போய், அது யார் கையில் இருக்கிறது என்றாகிவிடுகிறது. கப்பலுக்கு ஒன்றாக மூன்று சிப்பை மாற்றினால் கிளைமாக்ஸ்.

'மாவீரன்' (2023) நம் ஊருக்கு நெருக்கம். குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டவர்கள், விரிசல் விட்ட சுவர், உதிரும் பூச்சு எல்லாம் உறைக்கும்படி வருகின்றன. ஆனால் நிஜத்தில் அப்படியொரு கட்டடம் எழும்ப எம்-புக்கில் (வேலையின் அளவைப் பதியும் அரசுப் புத்தகம்) அளவு எழுத வேண்டும், மேலதிகாரி சரிபார்க்க வேண்டும், பில் பாஸாக வேண்டும். அத்தனை கையெழுத்தின் பாரத்தையும் பெரும்பாலும் ஓர் அமைச்சர் தலையில் கட்டிவிடுகிறது திரைக்கதை. அந்த அமைச்சராக மிஷ்கின் பிரமாதமாக நடித்தது இதற்கு இன்னும் வசதி!

வேலூர்க் கோட்டையை வைத்து சூப்பர் ஹீரோ குறும்படம் எழுதுகிறவர்கள் அங்கே நடந்த 1806 சிப்பாய்க் கலகத்தை ஒருமுறை புரட்டலாம். தாடியை எடு, நெற்றிக்குறியை அழி, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்றது கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ உத்தரவு. வெறும் காகிதம். ஜூலை 10 அதிகாலை சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். பிறகு கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரேடாக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கம்பெனி ஆட்சி அப்படியே நடந்தது. மார்வெல் கிளைமாக்ஸேதான்.

அதனால் ஸ்கிரிப்டில் வில்லனுக்கு முன்னால் அந்தக் காகிதத்தை எழுதுங்கள். யார் கேட்டது, யார் கையெழுத்து, யார் பணம், யாருக்கு நஷ்டம். பாலாற்றில் கலக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவைக் கதையாக எடுத்தால் இன்னும் சிக்கல்: 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. அங்கே ஹீரோ யாரைக் குத்துவார்? தொழிற்சாலையையா, அனுமதி கொடுத்த மேசையையா, அதே தோலில் சம்பளம் வாங்கும் தெருவையா? இதற்குப் பதில் கிடைத்த பிறகு அவரைப் பறக்கவிடலாம்.