ஜான் லோவஸ் பெயரில் ஒரு விருது

எழுதக் கற்றுக்கொடுப்பது பற்றிய ஆய்வுக்கு அமெரிக்காவில் எத்தனையோ விருதுகள். எனக்குப் பிடித்தது ஜான் லோவஸ் விருதுதான், ஏனென்றால் அது வலைப்பதிவு போன்ற இணைய எழுத்துக்குக் கொடுப்பது. லோவஸ் கலிஃபோர்னியாவில் டி ஆன்சா என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், வகுப்பறை அனுபவத்தை வலைப்பதிவாக எழுதிவந்தார், 2005இல் காலமானார். அவர் பெயரை இந்த விருதுக்கு வைத்தது கைரோஸ் என்ற ஆய்விதழ்.

1996இல் தொடங்கிய இதழ் அது. அச்சும் கிடையாது, சந்தாவும் கிடையாது. அதில் வருவதை வெப்டெக்ஸ்ட் என்கிறார்கள். எழுத்து, ஒலி, படம், எதைத் தொட்டால் எங்கே போகும் என்ற அமைப்பு, எல்லாம் சேர்ந்துதான் அங்கே வாதம். காகிதத்தில் அச்செடுத்தால் பாதி போய்விடும். ஆண்டின் சிறந்த வெப்டெக்ஸ்டுக்கும் தனி விருது உண்டு.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், ஒருமுறை என் மாணவர்களின் முதல் வரைவையும் திருத்திய வரைவையும் அருகருகே வைத்து, மாற்றிய இடத்தைத் தொட்டால் ஏன் மாற்றினார்கள் என்று அவர்கள் குரலிலேயே கேட்கிற மாதிரி ஒரு தளம் செய்தேன். ஒரு பெண் தன் முதல் வரியை அடித்து நீக்கியிருந்தாள். தொட்டால், "அது உங்களுக்காக எழுதினது மிஸ், எனக்காக இல்ல" என்பாள். இதை எந்தக் கட்டுரையில் எப்படி எழுதிக் காட்டுவது? ஆசிரியர்களுக்கான ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் நூல், கட்டுரை, கருத்தரங்கு என்று கட்டங்கள் இருந்தன, இதற்கு இல்லை. "ஐஎஸ்எஸ்என் நம்பர் எங்க?" என்று, ஆய்விதழ்களுக்குத் தரும் பதிவு எண்ணைக் கேட்டார்கள், மதிப்பெண் பூஜ்யம். அப்புறம் இடம் கொடுத்திருந்த சர்வரை மூடினார்கள், தளமும் போனது.

சரி, கைரோஸில் எப்படிப் பார்க்கிறார்கள்? முதலில் இதழாசிரியர்கள், பிறகு ஆசிரியர் குழு முழுவதும் சேர்ந்து விவாதிக்கிறது, எழுதியவர் பெயரை மறைப்பதில்லை. தேர்வானால் வாக்கியத்தோடு நிரலையும் திருத்துகிறார்கள், பார்வையற்றவர் கேட்க படத்துக்கு விளக்கம் இருக்கிறதா, காணொளிக்கு எழுத்து வடிவம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கோப்புகளைத் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்கிறார்கள். விருதைவிடப் பெரிய மரியாதை இதுதான் என்று நினைக்கிறேன். நேற்று இரவு 1996ஆம் ஆண்டின் முதல் இதழைத் தட்டினேன். திறந்தது.